வராதவனுடைய ஆள்

ஐந்து பேர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டுக்கு நான்கு பேர்தான் வந்திருக்கிறார்கள். வராதவனுடைய ஆளை என்ன செய்வது? சீட்டு என்றால் ஒரு கை குறைத்துப் போட்டுக்கொள்ளலாம். தாயம் என்றால் அவன் காய்களை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். நாங்கள் ஆடிய விளையாட்டில் அது முடியாது. அதில் ஆள் கதைக்குள் இருப்பான். போன வாரம் வரைக்கும் கூடவே நடந்து வந்தவன் இந்த வாரம் எங்கே போனான் என்று யாராவது கேட்பார்கள். அதற்கு ஒரு விதி வேண்டும். அந்த விதியைப் போட்டவள் நான். என்னை யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்த வயது அது. அந்த நினைப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

விளையாட்டைக் கொண்டுவந்தவன் என் அண்ணன். சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் விடுப்பில் தென்காசிக்கு வந்திருந்தபோது, கப்பலில் ஒரு வெள்ளைக்காரன் நடத்திய ஆட்டம் என்று சொல்லி எங்களை உட்கார வைத்து விளக்கினான். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். 'காடு, மழை, எதிரே ஆறு, என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கற்பனை ஆளை வைத்துக்கொண்டு, அவன் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் மட்டும் பகடை உருட்ட வேண்டும். இவ்வளவுதான். கடைசியில் யார் ஜெயிப்பது என்று அம்மா கேட்டாள். யாரும் ஜெயிக்க மாட்டார்கள் என்றான் அண்ணன்.

"அப்ப எதுக்குலே இத்தன பேரு சோலியக் கெடுத்துட்டு உக்காந்துருக்கிய?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அந்த ஆட்டத்தைப் பற்றி அம்மா சொன்ன ஒரே கருத்து அதுதான்.

வீட்டில் ஆட முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், எங்களுக்கு மாமா, குற்றாலத்தில் ஒரு லாட்ஜை நடத்திக்கொண்டிருந்தார். சாரல் காலத்தில் அங்கே வராந்தாவில்கூட ஆள் படுத்திருக்கும். சாரல் முடிந்துவிட்டால் மாமா ஈ ஓட்ட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போவோம். மாடியில் காலியாகக் கிடக்கும் அறை ஒன்றைத் திறந்து தருவார். குரங்கு வராமல் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருவோம். ஈர மெத்தை வாடையும் மசாஜ் எண்ணெய் வாடையும் சேர்ந்து அடிக்கும். இருட்டுவதற்குள் தென்காசி திரும்பிவிட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு.

ஆடியவர்கள் அண்ணன், அவன் மனைவியான மதினி, லாட்ஜ் மாமா, இலஞ்சியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த பெரியப்பா மகன், நான். பெரியப்பா மகனை இலஞ்சி அண்ணன் என்று சொல்வோம்.

முதல் வாரம் அண்ணன்தான் நடத்தினான். வெள்ளைக்காரன் சொன்னபடியே பாதாளக் குகை, அதற்குள் பூதம், பூதத்துக்குப் பின்னால் புதையல். மாமாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"எடேய், அந்தக் குகைக்குள்ள எதுக்குப் போவணும்? அங்கன என்ன யாவாரம் இருக்கு?" என்றார்.

"புதையல் இருக்குல்லா மாமா."

"ஊர்ல உள்ளவன் எடுக்காத புதையலா நமக்கு மிச்சம் இருக்கப் போவுது? நான் வெளியவே நிக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

ஆட்டம் முழுக்க மாமாவுடைய ஆள் குகை வாசலிலேயே நின்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. மாமாமீது இல்லை, அண்ணன்மீது. ஆடுகிறவனுக்கு எது வேண்டும் என்று பார்த்துக் கதை வைக்கத் தெரியாதவன் எதற்கு நடத்த வேண்டும்? கொடு இங்கே என்று அடுத்த வாரம் நான் வாங்கிக்கொண்டேன். அவனும் சந்தோஷமாகக் கொடுத்தான். அவனுக்கு உட்கார்ந்து யோசிப்பதில் விருப்பம் கிடையாது, வாளைச் சுழற்ற வேண்டும், அவ்வளவுதான்.

குகையைத் தூக்கிப் போட்டேன். ராஜா காலம். உப்பும் துணியும் கருவாடும் மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டு செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையாளத்துக்குப் போகிற வியாபாரக் கூட்டம். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு தாவளம், அதாவது வியாபாரிகள் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தங்கும் இடம். மேலே காடு, கள்ளன், புலி, சுங்கச்சாவடி. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுங்கச்சாவடில எவன் இருக்கான்? என்ன ஊர்க்காரன்?" என்று ஆரம்பித்தவர்தான், அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. யாரை ஏற்றுவது யாரை இறக்குவது என்று நான் முடிவு செய்வதால் எனக்குக் கண்டக்டரம்மா என்று பேர் வைத்தார்.

பகடைக்குப் பதில் புளியங்கொட்டை. ஒரு பக்கத்தைத் தரையில் உரைத்து வெள்ளையாக்கிக்கொண்டோம். வெள்ளை எத்தனை விழுகிறது என்பதுதான் கணக்கு. அண்ணன் சொன்ன முறையில் எல்லோரும் ஒரே பகடையை உருட்டுவார்கள். தேர்ந்தவனும் தெரியாதவனும் ஒரே அதிர்ஷ்டத்தில் தொங்குவார்கள். நான் அதை மாற்றினேன். ஒரு வேலையில் கை பழகியவனுக்குக் கொட்டை அதிகம், பழகாதவனுக்குக் குறைவு. கை நிறையக் கொட்டையை அள்ளிக் குலுக்கும்போது அந்த ஆளுடைய கெட்டிக்காரத்தனம் ஆடுகிறவர் கையிலேயே கனக்கும். இந்த ஒரு யோசனைக்காக என்னை நானே இன்றைக்கும் மெச்சிக்கொள்வேன். வேறு யாரும் மெச்சவில்லை.

விதி எதையும் நான் எழுதி வைக்கவில்லை. எழுதினால் இலஞ்சி அண்ணன் அதை வக்கீல் மாதிரி வாசிப்பான். எழுதாமலே அவன் தொல்லை தாங்காது. 'புலி தாக்கும்னுதான சொன்ன, மரத்துல ஏறும்னு சொல்லலியே' என்பான். அவனுக்குக் கதை முக்கியம் இல்லை, விதியில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். மாமாவுக்கு எதிரே வருகிறவனோடு பேசிப் பழகிப் பேரம் முடிப்பது ஆட்டம். கள்ளன் வந்தால்கூட 'நீ யாரு மவன்?' என்று விசாரிப்பார். அண்ணனுக்கு வெட்டுக் குத்து. அவன் ஆள் கூட்டத்துக்குக் காவல்காரன், ஆறடி உயரம், வாயைத் திறந்தால் சண்டை.

மதினி எடுத்துக்கொண்டது திருட்டுத் தொழில். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சுரண்டையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வீட்டில் குரல் எழும்பாது, அம்மா கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டுவாள். லாட்ஜ் அறையில் அவளுடைய ஆள் சுவரேறிக் குதித்தாள், சுங்கக்காரன் இடுப்பிலிருந்து சாவியை உருவினாள். அப்படிச் செய்யும்போது மதினி பெரிதாகச் சத்தம் போட மாட்டாள். "எடுத்துட்டா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான். எனக்கும் அவளைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும்.

விடுப்பு முடிந்து அண்ணன் கப்பலுக்குப் போனான். அவன் திரும்பி வரவே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அவன் போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காவல்காரனை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. நாமே அவனைப் பேசவைத்துக் கூட்டிப் போவோம், சண்டைக்கு ஆகும் என்றான் இலஞ்சி அண்ணன். மதினி வேண்டாம் என்றாள். "அவுக ஆளுக்கு ஏதும் ஆயிட்டுன்னா வந்து கேப்பாகல்லா?" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. உடனே மூன்று விதி போட்டேன். வராதவனுடைய ஆள் தாவளத்தில் காவல் இருப்பான். அவனுக்கு ஒன்றும் ஆகாது. அவனுக்காக வேறு யாரும் பேசக் கூடாது. இப்போது யோசித்தாலும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. உலகத்தில் இந்த ஆட்டம் ஆடுகிற பாதிப் பேர் ஏறக்குறைய இதே விதியைத்தான் வைத்திருக்கிறார்களாம், வெகுநாள் கழித்துக் கேள்விப்பட்டேன்.

இலஞ்சி அண்ணன் இரண்டே வாரத்தில் அதில் ஓட்டையைக் கண்டுபிடித்தான். காவல்காரனுக்கு ஒன்றும் ஆகாது என்றால், அவன் காவல் காக்கிற பொருளுக்கும் ஒன்றும் ஆகாது. அவனைக் கொல்லாமல் கள்ளன் எப்படி மூட்டையைத் தூக்குவான்? ஆக, சம்பாதித்ததையெல்லாம் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டுவிட்டால் பத்திரம். "பேங்க் லாக்கர் தோத்துரும்லா!" என்று தொடையைத் தட்டினான். நான் விதி போட்டவள், மறுக்க முடியவில்லை. விதி என்றால் விதி.

அதற்குப் பிறகு கூட்டம் மலை ஏறும், ஒரு மூட்டை மிளகு வாங்கும், ஓடி வந்து தாவளத்தில் போடும். மறுபடி ஏறும். கணவாய்க்கு அந்தப் பக்கம் போய்விட்டால் பொழுது சாய்வதற்குள் தாவளத்துக்குத் திரும்ப முடியாது. அதனால் யாரும் கணவாயைத் தாண்டவே இல்லை. மூட்டை மட்டும் குவிந்துகொண்டே போனது. அண்ணனுடைய பங்கும் தனியாகச் சேர்ந்துகொண்டு வந்தது. நான் அந்தப் பக்கத்துக்கு என்னவெல்லாமோ யோசித்து வைத்திருந்தேன். கொல்லத்துச் சந்தை, படகு, சீனத்துக் கப்பல், எல்லாம் என் மண்டைக்குள்ளேயே கிடந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

வீட்டிலும் ஏறக்குறைய அதே நிலைமை. மதினி கல்யாணத்துக்கு முன்பே டீச்சர் டிரெயினிங் முடித்தவள். வாசுதேவநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை இருப்பதாகவும், அங்கே பெரியம்மா வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்றும் அவள் அப்பா சுரண்டையிலிருந்து வந்து சொன்னார். அண்ணனிடமிருந்து கடிதம் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மதினிக்கு அந்த வேலைக்குப் போக வேண்டும் என்று எவ்வளவு ஆசை என்பது, அவர் பேசி முடிக்கும்வரை அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்தது.

அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அவன் வந்து நிக்கையில பொண்டாட்டி வீட்டுல இருக்கண்டாமா? பூட்டிக் கெடக்குற வீட்டுக்கா எம்புள்ள வரணும்?"

அம்மா, அப்பா, நான் என்று மூன்று பேர் குடியிருக்கிற வீடு எப்படிப் பூட்டிக் கிடக்கும் என்று கேட்டேன். "நீ வாய மூடுட்டி," என்றாள். அப்பா கோயில் மொட்டைக் கோபுரத்துப் பக்கம் காற்று வாங்கப் போய்விட்டார். இந்த மாதிரி நேரத்தில் அவருக்கு எப்போதும் காற்று வேண்டியிருக்கும். மதினியின் அப்பா காபியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்.

அடுத்த சாரலில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் குளிக்க வந்தார். அண்ணனோடு அதே கப்பலில் இருந்தவர். எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தலை இன்னும் காயவில்லை. மதினிதான் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"அவன் கப்பல விட்டு இறங்கிட்டாம்மா. நல்லாத்தான் இருந்தான், ஒடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு துறைமுகத்துல பெட்டியத் தூக்கிட்டு இறங்கினான். இனிமே கப்பலுக்கும் வரல, ஊருக்கும் போவலன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனான். ஏம்லேன்னு கேட்டேன். சிரிச்சான்," என்றார்.

எல்லோருக்கும் கேட்டது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நாலு ஊரு சுத்திப் பாக்கணும்னு சின்னதுலயே சொல்லுவான். சுத்திட்டு வருவான்," என்றாள். வந்தவர் எழுந்து போனதும் மதினி டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தாள். அன்றைக்கு அவள் அழுததாக எனக்குத் தெரியாது. நான்தான் அழுதேன், அதுவும் ஆத்திரத்தில். சாக முடியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவளை நகர விடாமல் பண்ணுகிறானே என்று அந்தத் துறைமுகத்தையும் அவன் பெட்டியையும் சேர்த்துத் திட்டினேன்.

அந்த வேலைக்குப் போட்டிருந்த டீச்சர் பிரசவத்துக்காக நின்றுவிட்டதாகச் சுரண்டையிலிருந்து மறுபடியும் சொல்லி அனுப்பினார்கள். அம்மா பதிலே சொல்லவில்லை. மதினியும் கேட்கவில்லை.

சாரல் ஓய்ந்து லாட்ஜ் காலியானதும் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நால்வரும் மாடி அறையில் உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "எல்லாரும் தாவளத்துல இருக்கிய. மழை வெறிச்சிருக்கு. என்ன செய்யுதிய?"

மலையாளத்து ஆட்கள் ஏலக்காய் கொண்டுவருகிறார்களா என்று விசாரிப்பதாக மாமா சொன்னார். மூட்டைகளை எண்ணிப் பார்ப்பதாக இலஞ்சி அண்ணன் சொன்னான்.

"என் ஆள் கணவாயத் தாண்டிப் போறா," என்றாள் மதினி.

"எப்படி மதினி? பொழுதடைய திரும்பி வர முடியாதுல்லா," என்றான் இலஞ்சி அண்ணன்.

"திரும்பல."

"அப்ப உங்க பங்கு?"

"கெடக்கட்டு."

இலஞ்சி அண்ணன் என் பக்கம் திரும்பினான். "ஏட்டி, இது செல்லாது. பங்க விட்டுட்டுப் போறதுக்கு விதி கெடையாது."

"போவக் கூடாதுன்னும் விதி கெடையாது," என்றேன்.

மாமா சமாதானத்துக்கு வந்தார். "தாயி, ரெண்டு வருசமா மூட்ட மூட்டயா சேத்தது. ஒத்தையில மலையில போயி என்ன செய்வ? கொஞ்சம் பொறுத்தா நாங்களும் வாரோம்லா."

"நீங்க மெதுவா வாங்க," என்றாள் மதினி.

கதை நடத்துகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஆள் ஒரு இடத்தை விட்டுக் கிளம்பும்போது அதைக் கேட்காவிட்டால் எனக்குத் திருப்தி வராது. "போறதுக்கு முன்னால யார்ட்டயும் சொல்லிட்டுப் போறாளா?" என்று கேட்டேன்.

மதினி கொஞ்சம் யோசித்தாள். "காவக்காரர்ட்டச் சொல்லுதா," என்றாள். பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே வெறுமனே கிடந்த தரையைப் பார்த்துப் பேசினாள். எப்போதும் 'என் ஆள்' என்று சொல்கிறவள் அப்படிச் சொல்லவில்லை.

"நான் போறேன். என்ன சொல்லுதிய?"

அவனுக்காக யாரும் பேசக் கூடாது. இலஞ்சி அண்ணன் வாயைத் திறந்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். மாமா வெற்றிலையைக் கையில் எடுத்தவர் சுண்ணாம்பு தடவாமல் வைத்திருந்தார். காற்று அடிக்கிறது, மாடு கத்துகிறது என்று நான் ஏதாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம். அது என் வேலைதான். சொல்லவில்லை. மதினி உண்மையாகவே காத்துக்கொண்டிருந்தாள். அருவிச் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி," என்றாள் கடைசியில்.

இலஞ்சி அண்ணன் புளியங்கொட்டைகளைக் கூட்டி அவள் பக்கம் தள்ளினான். "கணவாய் வழுக்கும்லா. உருட்டுங்க மதினி."

"வேண்டாம்," என்றேன். "சந்தேகம் இருந்தாத்தான் உருட்டணும். தாண்டிட்டா."

மறுநாள் காலையில் மதினி குளித்து, அடுக்களை வேலையை முடித்து, ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். அப்பா காற்று வாங்கப் போகக்கூட நேரம் கிடைக்காமல் நாற்காலியிலேயே மாட்டிக்கொண்டார்.

அம்மா நடையை மறித்துக்கொண்டு நின்றாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் குரல் உடைந்துவிட்டது. "யாரக் கேட்டுட்டு நீ போற? கட்டினவன்ட்ட ஒரு வார்த்த கேக்காம வாசல் தாண்டுவியா?"

மதினி பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"அவுகட்டக் கேட்டுட்டேன் அத்த," என்றாள். "ஒண்ணும் சொல்லல."